எருமை எடுத்த அறிவியல் பாடம்

ஏரிக்கரைக் காட்டுக் கல்லூரியில் ஓர் எருமை இலக்கியம் படித்துவந்தது. எதையும் நிதானமாக அசைபோடும் பிராணிக்கு அது பொருத்தமான படிப்புதான். ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு விதி உண்டு. யாராக இருந்தாலும் ஏதாவது ஓர் அறிவியல் பாடத்தில் தேறினால்தான் பட்டம்.

"எது சுலபம், அண்ணே?" என்று எருமை பருந்திடம் கேட்டது.

"காற்றியல்தான்! சிறகை விரித்தால் பாதிப் பாடம் முடிந்தது!"

எருமை காற்றியலில் சேர்ந்தது. செய்முறைத் தேர்வு பாறை உச்சியில் நடந்தது. எருமை மூச்சிரைக்க ஏறி முடிப்பதற்குள் தேர்வும் முடிந்துவிட்டது. அரியர்!

அடுத்து வௌவாலிடம் கேட்டது.

"ஒலியியலை எடு! கண்ணை மூடிக்கொண்டே தேறிவிடலாம்!"

வௌவால் பொய் சொல்லவில்லை. அதற்கு அப்படித்தான். எருமையும் வகுப்பில் கண்ணை மூடியது, தூங்கிப்போனது. மறுபடி அரியர்!

முதல்வர் யானை கூப்பிட்டு அனுப்பியது. "இனி ஒரே வாய்ப்புதான். இதிலும் தவறினால் பட்டம் கிடையாது, போய்விடு!"

எருமை சோர்ந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. முதுகில் உண்ணிக்கொக்கு வந்து உட்கார்ந்தது.

"எதை எடுப்பதென்று நீயே சொல்லிவிடு, தங்கச்சி. யோசிக்கக்கூடத் தெம்பில்லை."

"எனக்கென்ன தெரியும்? அந்த மரத்தடிக்குத் தள்ளிப் படு, அக்கா. வெயில் சுடுகிறது."

"அங்கே வேண்டாம். அது மணல், சீக்கிரம் காய்ந்துவிடும். இது களிமண். சாயங்காலம்வரை குளிர்ச்சி நிற்கும்." சொல்லிவிட்டு எருமை சட்டென்று தலையைத் தூக்கியது. "ஏய், இதற்கும் ஒரு பாடம் இருக்கிறதல்லவா?"

"மண்ணியல்! ஆனால் அது ரொம்பக் கஷ்டமாம்!"

"யார் சொன்னது?"

"பருந்து."

எருமை அதை வெகுநேரம் அசைபோட்டது. பிறகு எழுந்து போய் மண்ணியலில் சேர்ந்தது.

பாடம் ஒன்றும் சுலபமாக இல்லை. அட்டவணைகளைப் பார்த்தாலே தலை சுற்றியது. ஆனாலும் வகுப்பில் சொன்னதில் பாதி அதன் தோலுக்கு முன்பே தெரிந்திருந்தது. மிச்சப் பாதியை முனகிக்கொண்டே படித்தது. தேறியும்விட்டது, மயிரிழையில்.

பட்டம் வாங்கிய அன்றே குரங்கு ஓடிவந்தது. "அக்கா, மண்ணியல் சுலபமாமே! நானும் சேர்ந்துவிடட்டுமா?"

"நீ சேற்றில் படுத்திருக்கிறாயா?"

"சீச்சீ! அதில் யார் படுப்பார்கள்?"

"அப்படியானால் கஷ்டம்," என்று எருமை கொட்டாவி விட்டது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மற்றவர்களுக்கு எது சுலபம் என்று விசாரிக்காமல், உனக்கு எது பழக்கம் என்று பார்.