புறங்கையால் தொட்டவன்

இந்தக் கதையைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். கொதிக்க விடாதீர்கள், கொதித்தால் விடை பிடிபடாது.

சங்கரன்கோவிலில் வீரபாகு என்று ஒரு லாரிக்காரன். பழைய வீட்டை இடித்துப் புதுப்பித்தான். வயரிங் வேலைக்குச் சுடலை, ஆவுடையப்பன் என்று இரண்டு எலக்ட்ரீசியன்கள். இருவரும் இருபது வருஷம் தொழில் பார்த்தவர்கள். அடுப்படி வேலை முடிந்த மறுநாள் காலையில் வீரபாகுவின் மனைவி பிரமு ஈரக்கையோடு கிரைண்டரைப் பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே ஒட்டிக்கொண்டது. விறகுக்கட்டையால் ஓங்கி அடித்துத்தான் வீரபாகுவால் அந்தக் கையைப் பிரிக்க முடிந்தது. முழங்கை முறிந்தது. விழுந்த வேகத்தில் மண்டையும் உடைந்தது.

மாடியில் வேலையாக இருந்த இருவரும் ஓடி வந்தார்கள். சுடலை ஆட்டோவில் ஏறி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டான். ஆவுடையப்பன் மெயினை அணைத்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நின்றுவிட்டான்.

பிழைப்பாளா என்று டாக்டர் மதியம் வரை சொல்லவில்லை. வீரபாகு சுடலையை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினான். லாரியிலிருந்து டயர் கழற்றும் லிவரை எடுத்தான். கிரைண்டருக்கு லைன் கொடுத்தது யார் என்று கேட்டான். அவன் இவனைக் காட்டினான், இவன் அவனைக் காட்டினான். ஆளுக்கு நாலு விழுந்தது. ஆவுடையப்பனுக்கு உதடு கிழிந்தது, சுடலைக்கு முன்பல் போனது. அப்போதும் யார் பேச்சும் மாறவில்லை.

வீரபாகு மெயினைப் போட்டான். கிரைண்டர் சுவிட்சையும் தட்டினான்.

"கைய நனைச்சிட்டு ரெண்டு பேரும் தொடுங்கலே. சுத்தமா வேலை செஞ்சவன் பயப்பட மாட்டான்" என்றான்.

சுடலை முதலில் வந்தான். புறங்கையால் லேசாகத் தொட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஆவுடையப்பன், உள்ளங்கை இரண்டும் பதியக் கிரைண்டரை இறுகப் பிடித்தான். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீரபாகுவுக்கு அது போதுமாக இருந்தது. தன் வேலையைத் தானே நம்பாத பயல் என்று கத்திக்கொண்டு, சுடலையின் கைகளைச் சமையல் மேடைமேல் அழுத்தி லிவரை இறக்கினான். மணிக்கட்டு இரண்டும் நொறுங்கின.

இப்போது சொல்லுங்கள்: கிரைண்டருக்கு லைன் கொடுத்தது யார்? உடைந்தது தப்புச் செய்தவன் கைதானா?

விடை: இல்லை. லைன் கொடுத்தவன் ஆவுடையப்பன். காலையில் ஆளைக் கொல்லப் பார்த்த கிரைண்டர் மதியம் பசு மாதிரி நின்றதே, யாரும் கை வைக்காமல் அது எப்படித் திருந்தும்? அந்த மடப்பயல் வீரபாகு அதை யோசித்தானா? இடையில் வீட்டில் தனியாக இருந்தவன் ஆவுடையப்பன். தன் தப்பைத் தானே சரிசெய்துவிட்டதால்தான் அவ்வளவு துணிச்சலாகப் பிடித்தான். சுடலைக்கு அது தெரியாது. உள்ளங்கையைக் கரண்ட் இழுத்துப் பிடிக்கும், புறங்கை என்றால் உதறி விலகும் என்று மட்டும் தெரியும். தொழில் தெரிந்தவன் எவனும் அப்படித்தான் தொடுவான். தப்புச் செய்தவன் கையாகவே இருந்தாலும் உடைக்க வீரபாகு யார் என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்கிறேன். விஷயம் விளங்கியபின் வீரபாகு சுடலை வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டான். உள்ளே சுடலையின் இருமல் கேட்டது, கதவு திறக்கவில்லை. வெகு நேரம் கழித்து, தண்ணீர்க் குடத்தோடு தெருவிலிருந்து வந்த அவன் மனைவிதான் பதில் சொன்னாள்.

"கதவத் தொறக்க அவுகளுக்குக் கை வேணும்லா, அண்ணாச்சி."