சாய்ந்த ஏழு

"அம்மிணி, திருப்பி அடிச்ச நம்பர் பொய் நம்பராயிருமுங்களா?" என்று கேட்டார் சதாசிவம்.

ரெஜினா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். போத்தனூரில் பழைய கார்களைச் சீர்செய்யும் ஷெட் அவளுடையது. வயது நாற்பது. அவளிடம் தொழில் கற்க வந்த சதாசிவத்துக்கு அறுபத்திரண்டு. பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

"எந்த நம்பருங்ணா?"

"என் காரோட சேசிஸ் நம்பர். துரு எடுக்கறேன்னு கிரைண்டரை வெச்சேன். துருவோட நம்பரும் போயிருச்சு."

மூன்று வருடம் பாடுபட்டு நிமிர்த்திய 1956 மாடல் கார். அடுத்த மாதம் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் அதை 'அசல்' வரிசையில் நிறுத்தியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டேனுங்க. ஆர்.சி. புக்குல இருக்கற அதே நம்பர்தான்."

"அப்புறமென்ன, அடிங்க."

"ஏழு மட்டும் சாய்ஞ்சிருக்கோணும்."

அந்த வருடம் ஃபேக்டரியில் அடித்த ஏழெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவர்கள் லென்ஸை முதலில் அங்கேதான் வைப்பார்கள். ஏழு நேராக இருந்தால், காரைப் 'புதுப்பித்தவை' வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

"சாய்ச்சு அடிக்கட்டுங்களா?"

"பழகிட்டு வந்து கேளுங்க."

நல்லவேளை, கிரைண்டரை வைப்பதற்கு முந்தின நாள்தான் இன்சூரன்சுக்காக நம்பரைப் பிரிண்ட் எடுத்திருந்தார். நம்பர் மேல் பென்சிலைத் தேய்த்து, டேப் ஒட்டி உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டுவார்களே, அது.

அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பஞ்ச்சாக வைத்து, பழைய இரும்புத் தகட்டில் சுத்தியலால் அடித்தார். கட்டைவிரல் வீங்கியது. வீட்டில் திட்டு விழுந்தது. விடவில்லை.

இருபத்தாறாம் நாள் இரண்டு தாள்களோடு வந்து நின்றார்.

"ஒண்ணு ஃபேக்டரி நம்பர். இன்னொண்ணு நான் அடிச்சது. எது எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்!"

ரெஜினா லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியலைங்ணா."

சதாசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. "குருவே தோத்தாச்சு!" என்று மட்கார்டைத் தட்டிச் சிரித்தார்.

ரெஜினா தாள்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பிடித்தாள். பிறகு பானெட் மேல் விரித்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே குனிந்தார். அதே டேப். அதே பென்சில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுதான்... இல்லீங்க, இது..."

அழிந்துபோன நம்பருக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தத் தாள். அதையும் இப்போது தன் கையாலேயே தொலைத்துவிட்டார்.

"அம்மிணி, என்ன பண்றது?"

"சுத்தியல் உங்க கையில. அனுமதி உங்க பையில."

அவள் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டாள்.

சதாசிவம் ஷெட்டில் நின்ற தன் காரின் பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக அடிக்கத் தொடங்கினார். ஏழு வந்ததும் நிறுத்தினார். ஸ்கேலை வைத்தார். ஒரு நூல்கூடச் சாயாமல் பஞ்ச்சைப் பிடித்து, ஓங்கி அடித்தார்.

ரெஜினா தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"அசல் வரிசையில விடமாட்டாங்கங்ணா."

"விடாட்டிப் போறாங்க," என்று அடுத்த எண்ணை எடுத்தார் சதாசிவம். "நான் அடிச்சது எதுன்னு எனக்குத் தெரியோணும்."