களிமண் பூசிய சிறகு

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு கீரி இருந்தது. காட்டுக்கே அதுதான் வைத்தியர். அந்த வருஷப் புயலில் பனைமட்டை அடித்துப் பல பறவைகளுக்குச் சிறகு வீங்கிப் போயிற்று. கீரியிடம் ஒரு புது வேர் இருந்தது. வீக்கத்தை அந்த வேர் ஆற்றுமா, இல்லை சிறகு தானாகவே ஆறிவிடுமா? அதைத் தெரிந்துகொள்ளப் பாதிப் பறவைகளுக்கு வேரை அரைத்துப் பூசியது. மற்றவர்களுக்கு வெறும் களிமண்ணைப் பூசியது.

எண்ணம் நல்லதுதான். ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையே! "எல்லாருக்கும் ஒரே மருந்துதான்! சீக்கிரமே பறந்துடலாம்!" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் குழைத்துவிட்டது.

பவழி என்ற நாரைக்குக் கிடைத்தது களிமண்.

கோடை வெயில் ஏறியது. நாரைகள் வடக்கே திரும்பும் காலம். அங்கே ஓர் ஏரிக்கரை மரத்தில் பவழியும் அதன் ஜோடி நெடுங்காலனும் கட்டிய கூடு இருந்தது.

"உன்னை விட்டுட்டு நான் போகலை. இங்கேயே இருக்கேன், சேர்ந்தே போவோம்," என்றது நெடுங்காலன்.

"அதான் மருந்து பூசியாச்சே! நீங்க கூட்டத்தோட போய்க் கூட்டைச் சரிபண்ணுங்க. நான் பின்னாடியே வந்துடுவேன்!" என்று பவழி பிடிவாதமாக அனுப்பி வைத்தது.

பாவம், தினமும் சிறகை விரித்துப் பார்த்தது. விரித்தால் வலித்தது. 'மருந்து மெதுவாத்தான் கேட்கும்' என்று தன்னையே தேற்றிக்கொண்டது. வடக்கு வானத்தையே பார்த்துக்கொண்டு காலடியில் வந்த மீனைக்கூடத் தவறவிட்டது.

ஒருநாள் கீரி துள்ளிக் குதித்து வந்தது.

"ஜெயிச்சுட்டேன்! வேர் பூசினவங்க எல்லாம் பறந்துட்டாங்க! களிமண் பூசினவங்க அப்படியே கிடக்காங்க! என் வேர் நல்ல மருந்துதான்!"

"களிமண்ணா? அதை யாருக்குப் பூசினீங்க?" என்று கேட்டது பவழி.

கீரியின் வால் தாழ்ந்தது. "உனக்கும்தான்... அதை விடு! இதோ, இப்பவே வேரைப் பூசிடறேன்!"

வேர் வேலை செய்தது. பவழி உயரே எழும்பியது. ஆனால் வானத்தில் ஒரு நாரைகூட இல்லை. காற்றும் திசை மாறியிருந்தது. தனியாக மலையைத் தாண்ட முடியாமல் குளத்துக்கே திரும்பி வந்தது.

"சொல்லியிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டீங்களே!" என்று முனகியது கீரி.

"நான் வந்திருப்பேன், வைத்தியரே! நாலு பேருக்கு உதவும்னா களிமண்ணைக்கூடப் பூசிட்டு உட்கார்ந்திருப்பேன். அவரை மட்டும் போகச் சொல்லியிருக்க மாட்டேன்!"



அடுத்து இருமலுக்கு ஒரு புது மருந்து கண்டுபிடித்தபோது, கீரி முயல்களை முதலில் உட்கார வைத்தது. "உங்கள்ல சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் வெல்லத் தண்ணி. யாருக்கு எதுன்னு முடிவிலேதான் சொல்லுவேன். சம்மதமா? பிடிக்கலைன்னா இப்பவே போகலாம், நடுவிலேயும் போகலாம்!" இரண்டு முயல்கள் எழுந்து போயின. மற்றவை இருந்தன.

வற்றிக்கொண்டிருந்த குளத்தில் நின்றபடி பவழி அதைக் கேட்டது. பிறகு வடக்கே திரும்பிக்கொண்டது. இனி மழை வந்தால்தான் நாரைகள் வரும்.

நல்லதற்காகவே சோதித்துப் பார்த்தாலும், யார் உடம்பில் சோதிக்கிறோமோ அவரிடம் உண்மையைச் சொல்லிச் சம்மதம் கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.