எச்சில் படாத சேதி

பறவைக்கும் மிருகத்துக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையில் பிறந்து கிழக்கே ஓடிய ஓர் ஆற்றங்கரையில் சேதி சொல்லும் உரிமை காக்கைகளுக்கு மட்டுமே இருந்தது. அக்கரை அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா, மேல்காட்டில் கட்டிக்கொடுத்த மகளைச் சுகமா என்று கேட்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் காக்கையிடம்தான் போக வேண்டும். ஒரு காக்கை கத்தும். அடுத்த மரத்துக் காக்கை அதை வாங்கிக் கத்தும். அப்படியே மரம் மரமாகச் சேதி போய்ச் சேரும். கூலியாக நம் இரையில் ஒரு வாய் கொடுத்துவிட வேண்டும்.

வேறு ஆளில்லை என்ற தைரியத்தில் அவர்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. காலையில் கொடுத்த சேதி, அவர்கள் குளித்துச் சிறகு கோதி முடித்த பிறகு சாயங்காலம்தான் கிளம்பும். "அவசரமுங்க மூத்தவரே" என்று முயல் கெஞ்சினால், "அவசரம்னா நீயே நீந்திப் போ" என்பான் காக்கைத் தலைவன் சடையன்.

அப்போதுதான் கீழ்க்காட்டிலிருந்து மைனாக்கள் வந்தன. தலைவி சொர்ணம் பாறைமேல் ஏறி நின்று, "இனி நாங்களும் சேதி சொல்லுவோம். முதல் மழை விழுற வரைக்கும் கூலியே வேண்டாம்" என்றாள்.

ஆற்றங்கரைக்கே திருவிழா வந்த மாதிரி ஆகிவிட்டது. அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தவையெல்லாம் பேச ஆரம்பித்தன. இக்கரைக் கொக்கு அக்கரைக் கொக்குக்கு "என்ன செய்யிற?" என்று சேதி விட்டது. "நிக்கிறேன்" என்று பதில் வந்தது. "நானும்தான்" என்று அதற்கொரு பதில் போனது. ஆமை தன் பெண்டாட்டியிடம் கேட்ட கேள்விக்கு ஆமை திரும்பிப் பார்ப்பதற்குள் பதில் வந்து நின்றது. காக்கைகள் பார்த்தன. அவையும் கூலியை விட்டன, வேகத்தைக் கூட்டின. "நேத்து வரைக்கும் நீந்திப் போகச் சொன்ன வாயி, இன்னிக்குத் தேனா ஒழுகுது பாரு" என்று அணில் வாலை ஆட்டிச் சிரித்தது.

போட்டி நல்லதாகத்தான் இருந்தது. முற்றிய பிறகுதான் வினை.

சேதி கொடுக்க வரும் குடிகள் யாருக்கு அதிகம் என்று இரண்டு கூட்டத்துக்கும் வெறி பிடித்துவிட்டது. "எங்க குடி எங்க குரலை மட்டும்தான் கேக்கணும். காக்காக் குரலுக்குத் தலை தூக்கினா, அன்னைக்கோட சேதி நிறுத்தம்" என்றாள் சொர்ணம். சடையன் அதற்கு மேலே போனான். "மைனா வாய் வச்சதெல்லாம் எச்சில். எச்சில் சேதியை எங்க மரத்துல எவனும் எடுக்கக் கூடாது" என்றான். மறுநாளே மைனாக்களும் அதே எச்சில் விதியைப் பிடித்துக்கொண்டன. அண்ணன் காக்கைக் குடி, தம்பி மைனாக் குடி என்றால் இருவருக்கும் பேச்சே இல்லை. கெட்டிக்கார அணில் மட்டும் கிழக்குக் கிளையில் ஒரு காக்கையையும் மேற்குக் கிளையில் ஒரு மைனாவையும் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் பழம் கொடுத்துக் களைத்துப் போயிற்று.

ஆறு திரும்பும் இடத்தில் ஒரு மருதமரம். அதற்கு மேலே காக்கை மரங்கள், கீழே மைனா மரங்கள். அந்த நடு மரத்தில்தான் கரிச்சான் குருவி அஞ்சனம் கூடு கட்டி, முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் எந்தப் பக்கமும் சேரவில்லை. "இருந்துட்டுப் போ. ஆனா ஒரு சேதியும் உன் வாயில வரக் கூடாது. வந்தா கூடு தரையில கிடக்கும்" என்று இரண்டு தலைகளும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். அவளும் பிள்ளை பொரியட்டும், பகவானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. திடீரென்று மேலிருந்து காக்கைக் குரல் பாய்ந்து வந்தது. "தண்ணி வருது, கரையேறு. தண்ணி வருது, கரையேறு." மரம் மரமாகத் தாவி வந்த சேதி, மருதமரத்துக்கு முந்தின மரத்தில் நின்றுவிட்டது. அங்கே சடையனே உட்கார்ந்திருந்தான்.

"மூத்தவரே, கீழே சொல்லலியா?" என்றாள் அஞ்சனம்.

"கீழே எல்லாம் மைனாக் குடி. எனக்கென்ன?"

கீழே நடு ஆற்று மணல் திட்டில் ஆட்காட்டிப் பறவை செவத்தா இருக்கிறாள். முட்டை பொரிந்து, பஞ்சு பஞ்சாக நாலு குஞ்சுகள் அவள் காலைச் சுற்றித் திரிகின்றன. இன்னும் பறக்கத் தெரியாது. கரைக்கு நடந்துதான் வர வேண்டும்.

அஞ்சனம் முட்டையை விட்டுப் பாய்ந்து சொர்ணத்திடம் போனாள். "அக்கா, மேலே வெள்ளம். செவத்தாவுக்கு ஒரு குரல் கொடுங்க."

"யார் சொன்னா?"

"காக்கைதான் சொல்லுச்சு."

"அப்ப எச்சில். எங்க வாய் தொடாது" என்று சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அஞ்சனம் நேரே மணல் திட்டுக்குப் பறந்தாள். குஞ்சுகளை நோக்கிக் கறுப்பாக எதுவோ பாய்ந்து வருவதைப் பார்த்த செவத்தா, கத்திக்கொண்டு எழும்பித் துரத்தினாள். "மதினி, நான்தான், தண்ணி வருது" என்று அஞ்சனம் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மைனாக் குரல் தவிர எதற்கும் தலை தூக்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா.

மேற்கே இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அஞ்சனம் மருதமரத்து உச்சிக்கு வந்தாள். கீழே கூட்டில் அவளுடைய முட்டைகள். ஒரு விநாடி அதைப் பார்த்தாள். கேட்ட குரலை எல்லாம் எடுக்கத் தெரிந்த கரிச்சான் அல்லவா, தொண்டையை இறுக்கி, சொர்ணத்தின் குரலை அப்படியே எடுத்தாள். அதே கரகரப்பு, அதே இழுப்பு. "செவத்தா, தண்ணி வருது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கரையேறு."

மணல் திட்டில் செவத்தாவின் தலை நிமிர்ந்தது. குஞ்சுகளை முன்னால் விட்டு, பின்னால் விரட்டி, முழங்கால் தண்ணீரைத் தாண்டி ஓடினாள். கடைசிக் குஞ்சு கரைப் புல்லைத் தொட்டதும், மரங்களை உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் திட்டை விழுங்கியது.

அஞ்சனம் மூச்சு விடக்கூட இல்லை. அதற்குள் இரண்டு பக்கமும் இறக்கைச் சத்தம்.

"எங்க சேதியைத் திருடிட்டா" என்று சடையன் அவள் வாலை ஒரு பக்கம் கவ்வினான்.

"எங்க குரலைத் திருடிட்டா" என்று சொர்ணம் மறுபக்கம் கவ்வினாள்.

அதுவரை அவள் வால் மற்றக் குருவிகளின் வாலைப் போல ஒரே துண்டாகத்தான் இருந்தது. இவன் இங்கே இழுக்க, அவள் அங்கே இழுக்க, நடுவில் பிளந்து இரண்டாயிற்று. அஞ்சனம் கிளையை விடவில்லை. கிளைக்குக் கீழே கூடு இருந்தது.

"விடுங்க அவளை." கரையிலிருந்து செவத்தா கத்தினாள். நனைந்த நாலு குஞ்சுகளும் அவள் காலடியில் நடுங்கிக்கொண்டு நின்றன. வெள்ளத்துக்குப் பயந்து கரையேறிய முயலும் ஆமையும் கொக்கும் அணிலும் சுற்றி நின்றன. "சொர்ணம், உன் குரலை நம்பித்தான் அந்தத் திட்டுல இருந்தேன். நீ வாயைத் திறக்கல. சடையா, உனக்குத் தெரிஞ்சும் சொல்லல. என் பிள்ளைங்க உசிரோட நிக்குது. இதுல எது எச்சில்னு இங்க வந்து சொல்லுங்க."

இரண்டு அலகும் தானாகத் திறந்தன.

வலியோடு அஞ்சனம் பேசினாள். "கூலிக்குப் போட்டி போடுங்க, வேகத்துக்குப் போடுங்க. எங்களுக்கு நல்லதுதான். யாரும் யாரை விட்டும் யார்கிட்டயும் போகலாம்னு இருக்கட்டும். ஆனா ஆபத்துச் சேதிக்கு எச்சில் கிடையாது. எந்த வாயில வந்தாலும் அடுத்த வாய் எடுத்தாகணும்."

"எடுக்கலேன்னா?" என்றான் சடையன், கொஞ்சம் இறங்கின குரலில்.

"இவ கேப்பா" என்று அணில் அஞ்சனத்தைக் காட்டியது. "இவ பாத்துக்கட்டும். வேணும்னா மாசாமாசம் இரண்டு பக்கமும் இவளுக்கு இரை போட்டுடுங்க."

அஞ்சனம் தலையை ஆட்டினாள். "ஒரு வாய் வாங்கினேன்னா அன்னைக்கே என் வாய் அடைஞ்சு போகும். என் பூச்சியை நானே பிடிச்சுக்குவேன். இரண்டு பக்கமும் தெரியற மாதிரி இலையில்லாத ஒரு கொம்பு மட்டும் விட்டு வைங்க."

கரிச்சானின் வால் இரண்டாகப் பிரிந்திருப்பது அன்று முதல்தான். மொட்டைக் கொம்பிலோ கம்பியிலோ தனியாக உட்கார்ந்து, பறக்கிற பூச்சியைத் தானே பாய்ந்து பிடித்துத் தின்கிறது. தன்னைவிடப் பெரிய காக்கை வம்பு செய்தால் தலைக்கு மேலே ஏறி விரட்டுகிறது. அது பக்கத்தில் இருந்தால் போதும் என்று சின்னக் குருவிகள் அதே மரத்தில் கூடு கட்டுகின்றன. தோட்டத்தில் ஒரு பாம்பு நெளிந்தால் முதலில் மைனா கத்துகிறது, அதை அணில் எடுக்கிறது, அதைக் காக்கை எடுக்கிறது. யார் வாயில் வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துவிடுகின்றன.