பானையில் மூன்றாவது கல்

அன்று ஏரித்தீவின் கற்கோட்டையில் இருந்தவர்கள்: அம்மை, வயது நாற்பது. அவரிடம் ஞானம் கேட்க வந்து, வாயிற்காவலராகவே தங்கிவிட்ட சீடர் சாத்தையா, அறுபத்து மூன்று. சமையல் பார்க்கும் மூக்காயி. அவள் கைக்குழந்தை. ஆடு இரண்டு.

இருளப்பனும் காத்தானும் வலை வீசப் போயிருந்தார்கள்.

கோட்டை வாசலில் ஒரு பானை உண்டு. வெளியே போகிறவர் அதில் ஒரு கூழாங்கல் போடுவார். உள்ளே வருகிறவர் ஒன்றை எடுப்பார். பானையில் கல் இருக்கும்வரை கதவைச் சாத்தக் கூடாது. கோட்டை கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

அன்று பானையில் மூன்று கல். இரண்டு, வலைக்குப் போனவர்கள் போட்டவை. மூன்றாவது சாத்தையாவின் மகன் மருதன் போட்டது. ஆறு வருடம் ஆயிற்று. படகு மட்டும் திரும்பியது.

ஆறு வருடமாகக் கதவு சாத்தவில்லை. சாத்தையா வாசலிலேயே கிடந்தார்.

மாலையில் புயல் எழுந்தது. வாசல் ஐந்தாம் படியில். தண்ணீர் மூன்றாம் படிக்கு வந்துவிட்டது.

“அம்மா, வலைக்குப் போன இருவரும் வந்தபிறகாவது கதவைச் சாத்தாவிட்டால் ஏரி உள்ளே வந்துவிடும். மூன்றாவது கல்லை எடுத்தால், என் மகன் வரமாட்டான் என்று நானே சொன்னதாகிவிடும். என்ன செய்வேன்?”

அம்மை பானையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

“அந்தக் கல்லை ஏரியில் எறிங்க அண்ணே!” என்றாள் மூக்காயி. “பச்சைப் பிள்ளை நனையுது.”

“எறியலாமா, அம்மா?”

“உள்ளே இருப்பவர் கல்லைத் தொடுவது வழக்கமா?”

“இல்லை.”

“பிறகென்ன கேள்வி?”

நான்காம் படி மறைந்தது.

அப்போது படகு வந்து முட்டியது. இருளப்பன் ஒரு கல்லை எடுத்தான். காத்தான் ஒன்றை எடுத்தான்.

“மீன் எங்கடா?” என்றாள் மூக்காயி.

“மீன் இல்லை அக்கா. ஆள்தான் சிக்கினான்.”

பின்னால் ஒருவன் நடுங்கிக்கொண்டு ஏறி வந்தான். கவிழ்ந்த பரிசலைப் பிடித்தபடி மிதந்தவனாம். முன்னால் வந்தவர்கள் செய்ததைப் பார்த்து, அவனும் பானைக்குள் கையை விட்டான்.

சாத்தையா அந்தக் கையைப் பிடித்தார்.

“அது உன் கல் இல்லை.”

“தெரியாதுங்க. எல்லாரும் எடுத்தாங்க.”

கை ஐஸ்கட்டி போல இருந்தது. சாத்தையா அம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மை கதவின் ஒரு பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். “மறுபக்கம் யார் தள்ளுவது?” என்றார்.

சாத்தையா பிடியை விட்டார்.

“எடுத்துக்கொள், தம்பி. சீக்கிரம் உள்ளே போ. கூழ் சூடாக இருக்கிறது.”

பிறகு கதவில் தோளைக் கொடுத்தார். அது முனகிக்கொண்டே மூடியது. அலை வெளியே மோதியது.

பானையைக் கவிழ்த்து, அதன்மேல் தலைவைத்துப் படுத்தார்.

உள்ளே ஆட்கள் ஏழு. ஆடு இரண்டு. மிச்சக் கல், பூஜ்யம்.