மைனாவைச் சுமந்த மான்

மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், விலங்குகள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டன.

முறை எளியது. கோடை தொடங்கும் முன் ஒரு நாள் குறிப்பார்கள். தலைமைக்குப் போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் நிற்பார்கள். உச்சி வெயிலில் மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்தவரின் நிழலில் போய் நிற்க வேண்டும். எந்த நிழல் இடம் போதாமல் வழிகிறதோ, அந்த நிழலுக்குரியவரே தலைவர். யார் எங்கே நின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நிழல் பிரியும் நாள் என்று பெயர்.

அந்த ஆண்டு இருவர் போட்டியிட்டார்கள்.

ஒருவர் கருந்திமிலர் என்ற கிழக் காட்டெருமை. பல கோடைகளில் காட்டை நடத்தியவர். இப்போது அவருடைய முன்னங்கால் முட்டி வீங்கியிருந்தது. பேச்சு நின்று நின்று வந்தது.

மற்றவன் நெடுங்கொம்பன் என்ற இளங்கடமான். கொம்பு அழகு, நடை அழகு. கோடையில் என்ன செய்வாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

செவ்வந்தி என்ற புள்ளிமானுக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. தளிரன் என்று பெயர் வைத்திருந்தாள். குளம் வற்றும் நாட்களில் எந்தக் கரையில் இறங்குவது என்று சொல்ல வேண்டியவர் தலைவர்தான். முதல் கோடையைத் தாண்டாத குட்டிகள் அந்தக் காட்டில் நிறைய உண்டு. ஆகவே, தலைவர் யார் என்பது மற்ற எவரையும்விடச் செவ்வந்திக்கு முக்கியம்.

அதனால்தான் கருந்திமிலர் பேசிய கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் முன்னால் நின்றாள்.

கருந்திமிலர் உப்புமண் மேட்டில் ஏறி மூச்சு வாங்கினார். கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். செவ்வந்தியின் பக்கத்தில் முள்ளம்பன்றி அக்கா நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் கிழவரின் முகம் மலர்ந்தது.

"வா, முயலே! பட்டு மாதிரி இருக்கும் உன் முதுகைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!"

எல்லோரும் முள்ளம்பன்றியின் முட்களைப் பார்த்தார்கள்.

"பட்டா? ஐயாவை ஒரு முறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்!" என்று கத்தினான் காட்டுப்பன்றி.

"ஐயா, முயல் நான்! நான் இங்கே இருக்கிறேன்!" என்று பின்வரிசையில் துள்ளினான் முயல்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. செவ்வந்தி சிரித்த சிரிப்பில் அவளுக்கு விலா வலித்தது. மேட்டின்மேல் கிழவரின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. தெற்கு என்ற ஒரு சொல் அவள் காதை உரசிக்கொண்டு போனது போலிருந்தது.

முள்ளம்பன்றி திரும்பினாள். "கொஞ்சம் சும்மா இருங்களேன். அவர் ஏதோ சொல்கிறார்."

"உங்களையே முயலாக்கிவிட்டார். நீங்களே அவருக்குப் பரிந்து வருகிறீர்களே, பட்டு முதுகு அக்கா!" என்றாள் செவ்வந்தி.

மறுபடியும் சிரிப்பு. இம்முறை செவ்வந்தியின் சொல்லுக்காகச் சிரித்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கருந்திமிலர் பேச்சை நிறுத்தினார். சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தானும் லேசாகச் சிரித்தார். பிறகு மெல்ல மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.

அந்தக் காட்டில் செய்தி சொல்கிறவள் மைனா. காலையில் நடந்ததை மாலைக்குள் கடைசி மரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். கேட்கிறவர் முதுகில் இருக்கும் உண்ணிகள்தான் அவளுக்குக் கூலி. செய்தி பிடித்தால் முதுகைக் காட்டி நிற்பார்கள். பிடிக்காவிட்டால் தோலைச் சிலிர்த்து அவளை விரட்டிவிடுவார்கள்.

அன்று மாலை மைனா செவ்வந்தியின் முதுகில் வந்து உட்கார்ந்தாள்.

"கருந்திமிலர் இன்று குளத்தைப் பற்றிச் சொன்னதாவது..." என்று தொடங்கினாள்.

செவ்வந்தி தோலைச் சிலிர்த்தாள். "அது கிடக்கட்டும். முயல் கதையைச் சொல்."

மைனா கழுத்தை உப்பிக்கொண்டாள். கிழவரின் கரகரத்த குரல் அவள் தொண்டையிலிருந்து அப்படியே வந்தது. "வா, முயலே! பட்டு மாதிரி முதுகு!"

"ஐயோ, இன்னொரு தடவை!" என்றாள் செவ்வந்தி. "எத்தனை உண்ணி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இன்னொரு தடவை!"

மறுநாளிலிருந்து மைனா அவள் முதுகைவிட்டு இறங்கவில்லை. செவ்வந்தி மேயப் போன இடமெல்லாம் அந்தக் குரலும் போனது. மூங்கில் காட்டில் ஒரு தடவை. ஓடைக்கரையில் ஒரு தடவை. நெல்லி மரத்தடியில், கேட்டவர்களே மறுபடி கேட்க, பல தடவை. தளிரனும் அதைக் கற்றுக்கொண்டான். "வா, முயலே!" என்று தாயைக் கூப்பிட்டுவிட்டு ஓடுவான். அவளும் சிரித்துக்கொண்டே துரத்துவாள்.

உப்புமண் மேட்டில் தினமும் வாதம் நடந்தது.

"வயதாகிவிட்டது, அவ்வளவுதான். நேற்று நின்றபடியே தூங்கினார். என் கண்ணால் பார்த்தேன்," என்றான் காட்டுப்பன்றி.

"இந்த வெயிலில் யார்தான் கண்ணயரவில்லை?" என்றான் கீரி.

"நீ தூங்கினால் நஷ்டம் உனக்கு. தலைவர் தூங்கினால் நஷ்டம் காட்டுக்கு. வயதைப் பற்றிப் பேசவே கூடாதா?"

"பேசுங்கள். ஆனால் நெடுங்கொம்பனும்தான் உளறினான். மேகத்தைக் காட்டி, அதோ நம் மலை என்றானே?"

"அது கவிதை!" என்றான் காட்டுப்பன்றி.

கீரி மேலே பார்த்தான். "மைனா, அதை மட்டும் நீ ஏன் சொல்லித் திரியவில்லை?"

செவ்வந்தியின் முதுகிலிருந்தபடி மைனா சொன்னாள்: "சொல்லிப் பார்த்தேன், தம்பி. யாரும் முதுகைக் காட்டவில்லை."

நிழல் பிரியும் நாள் வந்தது.

நெடுங்கொம்பன் நின்ற ஆலமரத்தடியில் கால் வைக்க இடமில்லை. கருந்திமிலர் நின்ற வேங்கை மரத்தடியில் கீரியும் இரண்டு கிழக் குரங்குகளும் இருந்தார்கள். முள்ளம்பன்றியும் அங்கேதான் நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று அந்த வழியாகப் போன செவ்வந்தி கேட்டாள்.

"முயல் என்று சொன்னது என்னை. உனக்கு ஏன் வலிக்கிறது?" என்றாள் முள்ளம்பன்றி. "அவர் மீதியைச் சொன்னபோது கேட்கவிடாமல் செய்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது."

செவ்வந்தி ஆலமரத்தை நோக்கி நடந்தாள். மைனா அவள் முதுகில் இருந்தபடி கிழவரின் குரலில் ஒரு தடவை கூவினாள். கருந்திமிலர் தலையைத் தூக்கிப் பார்த்தார். செவ்வந்தியைக் கண்டு அன்பாகத் தலையசைத்தார். அவள் பார்க்காதது போல் வேகமாக நடந்தாள்.

நெடுங்கொம்பன் தலைவனானான்.

அந்த ஆண்டுக் கோடை கொடியது. ஓடை முதலில் மெலிந்தது, பிறகு மறைந்தது. மிஞ்சியது குளம் மட்டும். அதுவும் நடுவில் ஒரு துண்டு வானம்போல் சுருங்கிக் கிடந்தது.

"எங்கே இறங்கலாம்?" என்று எல்லோரும் தலைவனைக் கேட்டார்கள். அதுதான் அவனிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி.

நெடுங்கொம்பன் பார்த்தான். வடகரை செங்குத்துப் பாறை. மற்ற கரைகளில் முள் அடைத்துக்கிடந்தது. தெற்குக் கரை சமமாக, காய்ந்து வெடித்து, ஓடு பரப்பியதுபோல் இருந்தது.

"இங்கேயே இறங்கலாம்," என்றான்.

தாகத்தில் தவித்த தளிரன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். காய்ந்த ஓடு அவன் காலடியில் உடைந்தது. அடியில் இருந்தது கருஞ்சேறு. முதலில் முட்டிவரை போயிற்று. அவன் துள்ளத் துள்ள வயிறுவரை போயிற்று.

"அம்மா!"

நெடுங்கொம்பன் பாய்ந்து போனான். அவன் முன்னங்கால்களும் அமிழ்ந்தன. திணறிப் பின்வாங்கினான். "எனக்கு வலு இருக்கிறது, அக்கா," என்றான் செவ்வந்தியிடம். "எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை."

தெற்கு.

அந்தச் சொல் செவ்வந்தியின் காதுக்குள் எங்கிருந்தோ திரும்பி வந்தது. அவள் முதுகைத் திரும்பிப் பார்த்தாள்.

"மைனா! அன்று கருந்திமிலர் குளத்தைப் பற்றி என்ன சொன்னார்? தெற்குக் கரை என்றாரே, அது என்ன?"

"எந்தக் கூட்டத்தில்?"

"முயல் என்றாரே, அந்தக் கூட்டத்தில்!"

"வா, முயலே!" என்றாள் மைனா, கிழவரின் குரலில். பிறகு தன் குரலில் சொன்னாள்: "அதுவரைதான் எனக்குத் தெரியும். சொல்ல வந்தேன், நீ உதறிவிட்டாய். யாரும் கூலி தராத சொல்லை நான் ஏன் சுமக்க வேண்டும்? அன்றே மறந்துவிட்டேன்."

செவ்வந்தி ஓடினாள். கருந்திமிலர் படுத்திருந்த மூங்கில் காடு அதிக தூரம் இல்லை. ஆனால் அதன் ஓரத்துக்கு வந்ததும் அவள் கால் தயங்கியது. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? இந்த மூங்கில் காட்டில்தானே மைனாவை முதுகில் வைத்துக்கொண்டு சுற்றினாள்? இங்கே எத்தனை தடவை அந்தக் குரல் கேட்டிருக்கும்?

தளிரனின் அலறல் இங்கேயும் கேட்டது. அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரது? முயலா?"

மைனா மேலே ஒரு கிளையில் வந்து உட்கார்ந்து, கழுத்தை உப்பிக்கொண்டாள்.

"ஆமாம் ஐயா," என்றாள் செவ்வந்தி. "முயல்தான். தெற்குக் கரைச் சேற்றில் என் குட்டி மாட்டிக்கொண்டான்."

கிழவர் எழ முயன்றார். முட்டி மடங்கிவிட்டது. மறுபடி முயன்றார். முடியவில்லை. ஆனால் வந்த சொற்கள் நிற்காமல் வந்தன.

"துள்ள வேண்டாம் என்று குட்டிக்குச் சொல். பழைய வெள்ளத்தில் விழுந்த மருதமரம் ஒன்று அந்தச் சேற்றுக்குள் கிடக்கிறது. கரையில் தனியாக ஒரு பாறை இருக்கிறதல்லவா? அதிலிருந்து நேரே குளத்தைப் பார்த்துக் காலை வைத்தால் மரம் தட்டும். அதன்மேல் நின்றால் அமிழாது. அந்தக் கடமான் பையனை அனுப்பு. நல்ல வலு அவனுக்கு. என்னால் ஆகாது அம்மா. அவனைத் தேர்ந்தெடுத்தது நல்லதுதான்."

செவ்வந்தி திரும்பினாள். பின்னால் அவர் குரல் வந்தது.

"அன்றைக்கே மேட்டில் இதைச் சொன்னேனே? எல்லோரும் எவ்வளவு சிரித்தீர்கள்! வழி கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன்."

அவள் ஓடினாள். ஓடும்போது அவள் முகம் எரிந்தது. வெயில் அப்படி எரிக்காது.

செவ்வந்தி வந்து சொன்னபடி, தனிப் பாறைக்கு நேரே நெடுங்கொம்பன் காலை விட்டுத் துழாவினான். குளம்பு மரத்தில் தட்டியது. அடிமேல் அடி வைத்துப் போனான். சேற்றுக்கு மேல் தளிரனின் முகமும் முதுகும்தான் தெரிந்தன. நெடுங்கொம்பன் அந்த அழகான கொம்பைச் சேற்றுக்குள் இறக்கினான். குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்து அள்ளித் தூக்கினான்.

கரையில் வந்து விழுந்த குட்டியைச் செவ்வந்தி நக்கினாள். சேறு அவள் நாக்கில் கசந்தது. அவள் நக்குவதை நிறுத்தவில்லை.

நெடுங்கொம்பன் கரையைப் பார்த்து நின்றான். "இதை நான் அவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்," என்றான் தனக்குத்தானே.

அப்போது மைனா பறந்து வந்து செவ்வந்தியின் முதுகில் உட்கார்ந்தாள். சுற்றிலும் காட்டுப்பன்றியும் முயலும் மற்றவர்களும் கூடியிருந்தார்கள்.

"கேட்டீர்களா சேதி!" என்றாள் மைனா. "கிழவர் இன்று செவ்வந்தியையே முயல் என்றார்! இவளும் ஆமாம் என்றாள்! சொல்லிக் காட்டட்டுமா?"

காட்டுப்பன்றியின் வாய் சிரிக்கத் தயாரானது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள்.

"சொல்," என்றாள் செவ்வந்தி, தலை நிமிராமலே. "ஆனால் முழுதும் சொல். மருதமரம் எங்கே கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்கு."

"அது நீளம்," என்றாள் மைனா. "அதைக் கேட்க யார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்?"

"நான் நிற்கிறேன்."

முள்ளம்பன்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தளிரனின் பக்கத்தில், முள்ளெல்லாம் தாழ்த்தி, முதுகைக் காட்டி அவளும் நின்றாள்.

மைனா தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள்.

நீதி: தலைமைக்கு வருகிறவர் வாய் தவறிச் சொன்னதற்குச் சிரிப்பவர்கள், அவர் தெரிந்து சொன்னதையும் கேட்டு முடிக்க வேண்டும்.