இறுகாத அரைஞாண்

முன்னொரு காலத்தில், மழை எட்டிப் பார்க்காத செம்பாறை நாட்டை வச்சிரமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கெட்ட செய்தி கேட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் 'பஞ்சம்' என்று வாய்விட்டுச் சொல்பவருக்கு மொட்டையடிக்கும்படி சட்டமே போட்டிருந்தான். மந்திரி கண்ணுடையாருக்கு இரண்டு தடவை மொட்டை விழுந்தாயிற்று. அரண்மனைக் களஞ்சியம் மட்டும் திறந்தபாடில்லை.

களஞ்சியத் தலைவர் செண்டலங்காரருக்கு மந்திரியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "நம் நாட்டுப் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், மகாராஜா. மந்திரியார்தான் கண்டதைச் சொல்லி உங்கள் நிம்மதியைக் கெடுக்கிறார்" என்று தினமும் ஓதுவார்.

ஒருநாள் சபைக்கு வரும் வழியில், குடிசை வாசலில் ஒருத்தி தன் மகளின் அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போடுவதைக் கண்ணுடையார் பார்த்தார்.

"என்னம்மா செய்கிறாய்?"

"கயிறு இடுப்புல நிக்கமாட்டேங்குதுங்க, சாமி. போன மாசந்தான் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கினேன். மறுபடியும் நழுவுது."

குழந்தை அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

சபையில் அவர் பஞ்சத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. "மகாராஜா, இளவரசரின் பிறந்தநாள் வருகிறது. வளர்ந்து, போன வருஷத்து அரைஞாண் இறுகிப்போன பிள்ளைகளுக்கெல்லாம் பட்டுக்கயிறும் வெள்ளிக் காப்பும் கொடுக்கலாமே" என்றார்.

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. செண்டலங்காரர் பதறினார். "ஊரே திரண்டு வந்துவிடும், கஜானா தாங்காது."

"அதுவும் சரிதான். எல்லாரும் கொழுகொழு பிள்ளைகள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார் மந்திரி.

பிறந்தநாளும் வந்தது. மலைபோல் பட்டுக்கயிற்றைக் குவித்துவைத்து ராஜா காத்திருந்தான். உச்சிவெயில் ஏறியும் ஒரு குழந்தையைக் காணோம். கடைசியில் ஒரு பல்லக்கு வந்தது. அதிலிருந்து ஓர் அம்மாள் குண்டுப் பையன் ஒருவனை மூச்சு வாங்க இறக்கிவிட்டாள்.

"என் பேரனுக்குக் கயிறு சதையில பதிஞ்சு கிடக்குது. சீக்கிரம் வெட்டிவிட்டு வெள்ளிக் காப்பைக் கொடுங்க."

அவள் செண்டலங்காரரின் மனைவி. காப்பு ஆசையில் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருந்தாள். அவரோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"நாடு முழுவதிலும் வளர்ந்தது இந்த ஒரு பிள்ளைதானா? மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டான் ராஜா.

"நான் சொன்னால் முடி போய்விடும், மகாராஜா. தாங்களே வந்து பாருங்கள்" என்றார் கண்ணுடையார்.

ராஜா தெருவில் இறங்கி நடந்தான். வீட்டுக்கு வீடு, கயிறெல்லாம் முடிச்சு. அந்தக் குடிசைவாசலில் சிறுமியின் அரைஞாணுக்குள் கையை விட்டான். முஷ்டி முழுதாக உள்ளே போய்விட்டது. அவன் கண் கலங்கிவிட்டது.

"என் நாட்டில் பஞ்சம்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். நாவிதனையும் அவனே கூப்பிட்டான். சட்டம் ராஜாவுக்கும் உண்டல்லவா?

அன்றைக்கே களஞ்சியம் திறந்தது. நாற்சந்திகளில் கேழ்வரகுக் கஞ்சி கொதித்தது. மேற்பார்வை கண்ணுடையாருக்கு, அகப்பை செண்டலங்காரருக்கு. "எல்லாப் பிள்ளைக்கும் கயிறு இறுகுகிறவரை அகப்பையைக் கீழே வைக்கக் கூடாது" என்பது ராஜாவின் உத்தரவு.

முதலில் பிள்ளைகள் சத்தமில்லாமல் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். போகப்போக வரிசையில் முண்டியடித்தார்கள், சண்டை போட்டார்கள், செண்டலங்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்து "இன்னொரு அகப்பை ஊத்து தாத்தா" என்று அதட்டினார்கள். அந்தக் கூச்சலில் ராஜாவுக்கு மதியத் தூக்கமே போயிற்று. காவலன் ஒருவன் ஜன்னலைச் சாத்தப் போனான்.

"திறந்தே இருக்கட்டும்" என்றான் ராஜா.